செட்டிநாட்டு வளவு வீடுகளும் பெருந்திரள் குடியிருப்பும்

செட்டிநாட்டு வளவு வீடுகள் என்பவை சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டுப் பகுதியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கட்டிய பெரிய கூட்டு வீடுகள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1940கள் வரை எழுந்தவை. ஒரு தந்தையின் மகன்கள், பேரன்கள் எனப் பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ்த் தனித்தனி அடுப்பு வைத்து வாழும் வகையில் இவை அமைக்கப்பட்டன. இவ்வீடுகளின் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தரைக்கற்களும் பரவலாகப் பேசப்படுகின்றன. பலர் நெருங்கி வாழ்வதற்கான ஏற்பாடு என்ற முறையில் இவற்றை ஆராய்வோர் குறைவு.

ஐக்கிய நாடுகள் அவையின் கணக்குப்படி உலக மக்கள்தொகை 2022 நவம்பர் 15 அன்று 800 கோடியை எட்டியது. 2080களின் நடுவில் அது 1,030 கோடி அளவில் உச்சம் அடையும் என 2024ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. 2050இல் உலக மக்களில் 68 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்வர் எனவும் அதே அவை கணித்துள்ளது. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டிலேயே 48.4 விழுக்காட்டினர் நகரவாசிகள். இத்தனை பேரை அடக்க ஒரு நகரையே ஒற்றைக் கட்டடமாக எழுப்பலாம் என்ற எண்ணம் உலகில் அவ்வப்போது எழுகிறது. அவ்வாறு எழுப்பினால் அதில் மக்கள் மன அமைதியோடு வாழ முடியுமா என்பதற்குச் செட்டிநாட்டு அனுபவம் ஓரளவு விடை தருகிறது. பெரிய கட்டடத்தை எழுப்புவது எளிது. எது தனியுடைமை, எது பொது, பொதுவானதைப் பேணும் செலவு யாருடையது என்ற மூன்றும் தெளிவாக இருக்கும் வரையே அது வாழத்தக்கதாக இருக்கிறது.

ஊர்களின் தோற்றம்

நகரத்தாரின் மரபுச் செய்தி, அவர்கள் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குடிபெயர்ந்து இளையாற்றங்குடியை மையமாகக் கொண்டு குடியேறினர் என்கிறது. இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது ஊர்க் கோயில்கள் அவர்களின் குலப்பிரிவுகளுக்கு அடையாளமாயின. செட்டிநாட்டில் மரபாக 96 ஊர்கள் சொல்லப்படுகின்றன. இன்று எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் எஞ்சியுள்ளன. காரைக்குடி, தேவகோட்டை ஆகிய இரண்டும் இவற்றுள் நகரங்களாக வளர்ந்தன. காரைக்குடி 1928இல் நகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் 1,06,714 பேர் வாழ்ந்தனர். 2024இல் அது மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.

இப்பகுதியில் வற்றாத ஆறு இல்லை. மண் செம்மண்ணும் செம்பாறையும் கலந்தது. வெயில் கடுமையானது; மழையோ வடகிழக்குப் பருவக்காற்றை நம்பியது. இயற்கை வளம் குறைந்த இந்நிலத்தில் பெரிய ஊர்கள் எழக் காரணம், வெளிநாட்டு வணிகத்தில் ஈட்டிய செல்வம். இலங்கை, பர்மா, மலாயா, இந்தோசீனம் ஆகிய நாடுகளில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்தினர். 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. ஆண்கள் மூன்றாண்டு அளவில் கடல் கடந்த ஊர்களில் கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்புவர். அதுவரை பெண்களும் குழந்தைகளும் முதியோரும் பாதுகாப்பாக ஒன்றாய் இருக்க வேண்டும். கூட்டு வீடு இத்தேவையின் விளைவு.

தெருவும் வீடும்

செட்டிநாட்டு ஊர்களில் தெருக்கள் நேர்கோட்டில் அமைந்து ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும். ஒரு வீட்டின் முன்வாயில் ஒரு தெருவிலும் பின்வாயில் அடுத்த தெருவிலும் இருப்பது வழக்கம். முன்வாயிலில் நின்று பார்த்தால், கதவுகள் எல்லாம் திறந்திருக்கும்போது பின்வாயில் வரை பார்வை செல்லும். காற்றும் அதே வழியில் செல்கிறது.

வீட்டின் நீள அச்சு பெரும்பாலும் கிழக்கு மேற்காக இருக்கும். இதனால் நீண்ட பக்கச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குகின்றன. காலை, மாலைச் சாய்வெயில் குறுகிய முன்பின் பக்கங்களில் மட்டுமே விழும். பக்கத்து வீடு அருகில் இருப்பதால் பக்கச் சுவருக்கு நிழலும் கிடைக்கிறது. நெருக்கமாகக் கட்டுவது இங்கு வெப்பத்தைக் கூட்டவில்லை, குறைத்தது.

வீட்டின் பகுதிகள் முன்னிருந்து பின்னாக வரிசையாக வருகின்றன.

முகப்பு: திண்ணைகளும் வரவேற்புக் கூடமும் கொண்ட பகுதி. கணக்கு வழக்கு, விருந்தினர் சந்திப்பு ஆகியவை இங்கு நடந்தன. ஆண்கள் புழங்கும் இடம்.

வளவு: வானம் திறந்த முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும். தாழ்வாரத்தை ஒட்டி இருபுறமும் அறைகள் இருக்கும். திருமணம், படைப்பு முதலிய சடங்குகள் இங்கு நடைபெற்றன.

இரண்டாங்கட்டு: மற்றொரு முற்றம். பெண்கள் புழங்குவதற்கும் உணவு பரிமாறுவதற்கும், தானியம் முதலியவற்றைச் சேமிப்பதற்கும் பயன்பட்டது.

அடுப்படி: பின்கட்டில் சமையல், அரைத்தல், பாத்திரம் துலக்குதல் ஆகிய வேலைகளுக்கான இடம். கிணறும் பெரும்பாலும் இப்பகுதியில் இருக்கும்.

வெளியாள் எவ்வளவு நெருங்கியவர் என்பதைப் பொறுத்து எந்தக் கட்டு வரை வரலாம் என்பது தீர்மானிக்கப்பட்டது. தெரு முழுப் பொது, திண்ணை பாதிப் பொது, வளவு உறவினருக்கு, அறை தம்பதியருக்கு என்று படிப்படியான வரிசை இருந்தது. இன்றைய அடுக்குமாடிகளில் பூட்டிய கதவைத் திறந்தால் உடனே பொது நடைபாதை வந்துவிடுகிறது. இடைப்பட்ட படிகள் இல்லை.

புள்ளியும் அடுப்பும்

நகரத்தார் சமூகத்தில் மணமான ஒரு தம்பதியர் ஒரு புள்ளி எனக் கணக்கிடப்படுவர். குலக்கோயிலுக்குரிய வரியும் புள்ளி அடிப்படையிலேயே வசூலிக்கப்பட்டது. மகனுக்குத் திருமணம் ஆனபின், உரிய காலத்தில் பெற்றோர் அவனுக்கும் மருமகளுக்கும் தனி அடுப்பும் தனி வரவு செலவும் ஏற்படுத்தித் தருவர். இதற்கு வேறு வைத்தல் என்று பெயர். வேறு வைத்த பின்பும் மகன் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. அதே வளவில், தனக்குரிய அறையோடும் தனக்குரிய அடுப்போடும் வாழ்வான்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. கூட்டுக் குடும்பங்களில் சண்டை பெரும்பாலும் செலவிலும் சமையலிலும் தொடங்குகிறது. எவர் எவ்வளவு நெய் எடுத்தார், எவர் வீட்டு விருந்தாளிக்கு எவர் சமைத்தார் என்பவை சிறிய செய்திகள்தாம். ஆனால் நாள்தோறும் வருபவை. வேறு வைத்தல் இவற்றைப் பொதுக் கணக்கிலிருந்து நீக்கியது. முற்றம், கிணறு, கூரை, சடங்கு, முன்னோர் வழிபாடு ஆகியவை பொதுவாகவே இருந்தன. இவற்றில் தினசரிக் கணக்குப் பார்க்க வேண்டிய தேவை குறைவு.

அறைகள் சிறியவை, இருட்டானவை. சீர்ப் பொருள்களும் பெட்டகங்களும் அங்கு வைக்கப்பட்டன. பகல் வாழ்க்கை முழுவதும் தாழ்வாரத்திலும் முற்றத்திலும் நடந்தது. தனியிடத்தின் பரப்பைக் குறைத்து, பொது இடத்துக்கு வெளிச்சமும் காற்றும் நிறையத் தந்ததால்தான் பலர் ஒரே வீட்டில் வாழ முடிந்தது.

நீர்க் கணக்கு

வளவின் ஓட்டுக் கூரை முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். மழைநீர் முற்றத்தின் மூலைகளில் விழும்போது செம்பு, பித்தளை அண்டாக்களில் பிடிக்கப்பட்டது. மிகுந்த நீர் கல் வடிகால் வழியாக வெளியேறித் தெருக் கால்வாயில் சேர்ந்து ஊரணிகளுக்குச் சென்றது. குடிநீர் ஊரணி, குளிக்கும் ஊரணி, கோயில் குளம் என ஊரணிகள் பயன்பாட்டின்படி பிரிக்கப்பட்டிருந்தன. காரைக்குடி நகரம் சம்பை ஊற்று நீரின் சுவைக்கும் பெயர் பெற்றது.

இதன் அளவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் கிடைக்கும். ஒரு வீட்டில் முற்றத்தை நோக்கிச் சரியும் கூரை 500 சதுர மீட்டர் எனக் கொள்வோம். ஒரே நாளில் 50 மி.மீ. மழை பெய்தால் அக்கூரை 25,000 லிட்டரைத் தரும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என வைத்தால், 50 பேர் வாழும் வீட்டுக்கு அது 10 நாள் தேவை. அண்டாக்களில் அத்தனையும் அடங்காது. எனவே ஊரணியும் கிணறும் வீட்டின் நீர்த்தொட்டிகளாகவே செயல்பட்டன. தனி வீட்டின் நீர் அமைப்பும் ஊரின் நீர் அமைப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது.

கட்டுமானப் பொருள்கள்

தேக்கு பர்மாவிலிருந்தும், பளிங்கு இத்தாலியிலிருந்தும், கண்ணாடி பெல்ஜியத்திலிருந்தும் வந்தன. ஆனால் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்தவை உள்ளூர்ப் பொருள்களே. தடித்த சுவர்களின் மேல் சுண்ணாம்புக் காரை பல அடுக்குகளாகப் பூசப்பட்டது. மேல் அடுக்கில் முட்டையின் வெண்கரு சேர்த்து மெருகேற்றினர். இப்பூச்சு பல பத்தாண்டுகள் வெள்ளையடிக்கத் தேவையின்றி நிற்கக் கூடியது. ஆத்தங்குடித் தரைக்கல், கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்துக் கையால் வார்க்கப்படுகிறது. அதைச் சூளையில் சுடுவதில்லை. நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவர். இத்தொழில் ஆத்தங்குடியில் இன்றும் நடைபெறுகிறது.

ஏற்பாட்டின் மறுபக்கம்

இவ்வீடுகளைப் போற்றும்போது இரண்டு உண்மைகளை ஒதுக்க முடியாது.

முதலாவது, இவற்றை எழுப்பிய செல்வத்தின் ஒரு பெரும்பகுதி பர்மா உழவர்களுக்குக் கொடுத்த கடனின் வட்டி. 1930இல் கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலங்கள் கைமாறின. 1938ஆம் ஆண்டளவில் அது 25 விழுக்காடு ஆயிற்று. நிலம் சேர்ப்பது வட்டித்தொழிலின் நோக்கமாக இருக்கவில்லை எனினும், நிலமிழந்தோரின் கசப்பு செட்டியார்கள் மீது திரும்பியது.

இரண்டாவது, வளவு வீட்டின் ஒழுங்கு ஒரே சாதி, ஒரே குலம், ஒரே தந்தை வழி என்ற பிணைப்பின் மேல் நின்றது. வீட்டில் உரிமை மகன்களுக்கு மட்டுமே இருந்தது. மகள்கள் சீர் பெற்று வேறு வளவுக்குச் சென்றனர். சமையலுக்கும் எடுபிடி வேலைக்கும் உழைத்தவர்களுக்கு அவ்வளவில் பங்கு இல்லை. வருங்கால நகரங்கள் அறிமுகமில்லாதவர்களைச் சேர்த்து வைக்க வேண்டியவை. உறவு தந்த ஒழுங்கை அங்கே சட்டமும் ஒப்பந்தமும்தான் தர வேண்டும்.

வீழ்ச்சி

1937இல் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக அளவில் பிரிக்கப்பட்டது. 1942இல் சப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியபோது நகரத்தார் பலர் கடைகளை விட்டு வெளியேறினர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலம் நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது. 1962 இராணுவ ஆட்சிக்குப் பின் எஞ்சிய தொழில்களும் போயின.

வருவாய் நின்றதும் வீடுகள் உடனே சிதையவில்லை. படிப்புக்கும் வேலைக்கும் தொழிலுக்கும் குடும்பங்கள் சென்னை, மதுரை, வெளிநாடுகள் எனப் பிரிந்து சென்றன. ஐந்து பங்காளிகளின் வீடு மூன்றாம் தலைமுறையில் முப்பது, நாற்பது பங்காளிகளின் வீடாயிற்று. ஓடு மாற்றவும் விற்கவும் எல்லோருடைய இசைவும் தேவைப்பட்டது. ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றது. செலவைப் பகிர்வதில் தொலைவில் இருப்பவருக்கு ஆர்வம் குறைந்தது. கூரையில் ஓர் ஓடு விலகினால் அதன் வழியே நீர் இறங்கும், உத்தரம் உளுக்கும், பின்னர்ச் சுவர் சாயும். இவ்வாறு பல வீடுகள் இடிக்கப்பட்டு, கதவு, தூண், நிலை என்று பிரித்து விற்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அவற்றை இன்றும் காணலாம்.

வடிவமைப்பில் குறை இருந்ததால் இவ்வீடுகள் விழவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. வெயில், மழை, நெருக்கம் மூன்றையும் அவை நன்கு சமாளித்தன. பொதுவானதைப் பேணும் ஏற்பாடு தலைமுறை மாற்றத்தைத் தாங்கவில்லை.

பிற நாட்டு முயற்சிகள்

சீனாவின் பூசியன் மாநிலத்தில் உள்ள துலௌ எனப்படும் மண்கோட்டை வீடுகள் வளவு வீடுகளுக்கு மிக நெருங்கிய ஒப்புமை உடையவை. இவற்றுள் 46 கட்டடங்களை யுனெசுகோ 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு துலௌவில் 800 பேர் வரை வாழ்ந்தனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கீழ்த்தளத்தில் அடுப்படி, நடுத்தளத்தில் களஞ்சியம், மேல்தளத்தில் படுக்கையறை எனச் செங்குத்தான ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. நடுவிலுள்ள முற்றம் எல்லோருக்கும் பொது. அங்கும் அடுப்பு தனியாகவும் முற்றம் பொதுவாகவும் இருந்தன.

பிரான்சின் மார்செய் நகரில் லெ கொர்பூசியே வடிவமைத்து 1952இல் நிறைவுற்ற குடியிருப்பில் 337 வீடுகள் உள்ளன. கட்டடத்தின் நடுவே கடைத்தெருவும் மாடியில் மழலையர் பள்ளியும் வைக்கப்பட்டன. அமெரிக்காவின் அரிசோனாவில் பாவோலோ சொலேரி 1970இல் தொடங்கிய ஆர்கோசாந்தி 5,000 பேருக்கெனத் திட்டமிடப்பட்டது. குடியேறியோர் எண்ணிக்கை அதன் அருகில்கூட வரவில்லை. தோக்கியோவில் 1972இல் எழுந்த நாககின் கோபுரத்தில் 140 சிறு கூடுகள் பொருத்தப்பட்டன. 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றிப் புதியவை மாட்டலாம் என்பது திட்டம். ஒரு கூடு கூட மாற்றப்படவில்லை. 2022இல் கோபுரம் பிரிக்கப்பட்டது. மாற்றத்தக்க வடிவம் இருந்தது. மாற்றுவதற்கான செலவிலும் இசைவிலும் அது தடைப்பட்டது. பங்காளிகள் பெருகிய வளவு வீட்டின் கதையும் இதுவே.

சவூதி அரேபியா 2021இல் அறிவித்த 'தி லைன்' நகரத் திட்டம் 170 கி.மீ. நீளம், 200 மீட்டர் அகலம், 500 மீட்டர் உயரத்தில் 90 இலட்சம் பேரைக் குடியமர்த்த எண்ணியது. நிலப்பரப்பைக் கணக்கிட்டால் 34 சதுர கி.மீ. வருகிறது. அதாவது சதுர கி.மீட்டருக்கு ஏறத்தாழ 2,65,000 பேர். 2011இல் சென்னை மாவட்டத்தின் அடர்த்தி சதுர கி.மீட்டருக்கு 26,553. சென்னையைப் போல் பத்து மடங்கு நெருக்கம் கொண்ட ஒரு நகரில் மின்தூக்கி நின்றால் யார் பழுதுபார்ப்பது, யார் பணம் கட்டுவது என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

தமிழ்நாட்டில் இன்றைய பொருத்தம்

சென்னையின் குடிசைவாழ் மக்களுக்கு வீடு கட்டித்தர 1970இல் அமைக்கப்பட்ட வாரியம், 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் பல்லாயிரம் வீடுகள் ஒரே இடத்தில் எழுப்பப்பட்டுள்ளன. வேலை செய்யும் இடத்திலிருந்து தொலைவு, தண்ணீர், மின்தூக்கிப் பராமரிப்பு ஆகியவை அங்கு வாழ்வோர் தொடர்ந்து எழுப்பும் கோரிக்கைகள். திண்ணையும் முற்றமும் இல்லாத அடுக்குகளில் மாடிப்படிகளே கூடிப் பேசும் இடங்களாகின்றன.

தனியார் அடுக்குமாடிகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் உண்டு. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட எல்லோரும் இசைய வேண்டும் என்ற நிலையை மாற்றி, மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் போதும் என்று தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வகைசெய்கிறது. செட்டிநாட்டுப் பங்காளிகளுக்குக் கிடைக்காமல் போன ஒரு விதி, வருங்காலக் குடியிருப்புகளுக்கு எழுத்தில் கிடைத்துள்ளது.

இன்றைய நிலை

செட்டிநாட்டு வணிகர்களின் ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெசுகோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கானாடுகாத்தான், காரைக்குடி முதலிய ஊர்களில் சில வீடுகள் பாரம்பரிய விடுதிகளாக நடைபெறுகின்றன. வேறு பல வீடுகள் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்து, திருமணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுகின்றன. பங்காளிகள் கூடி ஆண்டுச் செலவுக்குப் பொது நிதி வைத்து, ஒருவரைப் பொறுப்பாக அமர்த்திய வீடுகளில் கூரை ஒழுகாமல் நிற்கிறது. அவ்வாறு செய்யாத வீடுகளின் முற்றங்களில் செடி முளைத்திருக்கிறது. ஒரே தெருவில், ஒரே காலத்தில், ஒரே கொத்தர்கள் கட்டிய வீடுகளிலேயே இவ்வேறுபாட்டைக் காண முடிகிறது.